காவேரியின் இடது பக்கம்

மஞ்சக்குட்டைக்கு மேலே இருக்கிற காப்பி எஸ்டேட்டில் காவேரியின் கைக்கும் வாய்க்கும் ஈடு கிடையாது. பழம் பறிப்பில் அவளை எட்டிப் பிடிக்க ஆள் இல்லை. எடை போடும்போது கணக்கு எழுதுகிற ரைட்டர், எடையைக் குறைக்க மூட்டைக்கு அடியில் மெதுவாக முழங்காலைக் கொடுத்தால், மற்ற பெண்கள் வாயை மூடிக்கொண்டு நிற்பார்கள். இவள் மட்டும், "ஏனுங்க ரைட்டரே, பாவம், முட்டி நோவப் போகுது, எடுத்துருங்க" என்பாள். ரைட்டர் முகம் தொங்கிப் போகும். அப்படிப்பட்ட பெண் ஒரே ஒரு விஷயத்துக்குப் பயந்து பயந்து செத்தாள். அது என்னவென்று அவளைப் பெற்ற மாதம்மாளைத் தவிர ஒரு ஈ காக்காய்க்கும் தெரியாது.

அவள் வயசுக்கு வந்த பிறகு வலது மார்பு மற்ற பெண்களைப் போல வளர்ந்தது. இடது வளரவே இல்லை. அந்த இடத்தில் ஒரு பழைய தழும்பு, சுற்றிலும் இழுத்துப் பிடித்த தோல், அவ்வளவுதான். "சாமி குத்தம் கண்ணு, சேர்வராயனுக்கு வேண்டியிருக்கறேன், தானா வந்துரும்" என்று மாதம்மாள் சொல்லிக்கொண்டே இருந்தாள். வருஷா வருஷம் மே மாசத் திருவிழாவுக்குப் போய்க் கும்பிட்டும் வந்தாள். அப்பன் மூக்கன் நிழல் மரம் கவாத்துப் பண்ணும்போது விழுந்து போய்ச் சேர்ந்துவிட்டான். கேட்க வேறு ஆளும் இல்லை. பத்து வருஷமாகியும் ஒன்றும் வரவில்லை.

மாதம்மாள் இலவம் பஞ்சை அடைத்து ஒரு சின்னப் பை தைத்துக் கொடுத்தாள். அதை உள்பாடிக்குள் வைத்துத் தையல் போட்டுக்கொண்டு காவேரி வேலைக்குப் போனாள். மலையில் மழைக்குக் குறைச்சலா என்ன? சாக்கை மடித்துத் தலையில் கொங்காடை போட்டுக்கொண்டாலும் நனையத்தான் செய்யும். நனைந்த பஞ்சு கனத்துக் கீழே இறங்கும். ஒருநாள் ஓடை தாண்டும்போது பை தையல் விட்டு வயிற்றுக்குச் சரிந்துவிட்டது. வயிற்று வலி என்று சொல்லிவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு செடி மறைவில் உட்கார்ந்தாள். மற்ற பெண்கள் எல்லோரும் போகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு அட்டை கடித்து இரத்தம் ஓடினதுகூட அவளுக்குத் தெரியவில்லை. ஓடையில் கூட்டமாகக் குளிக்கப் போகமாட்டாள். "மகாராணிக்குத் தனி அந்தப்புரம்" என்று தோழிகள் கேலி பண்ணுவார்கள். இவளும் பதிலுக்கு ஏதாவது சொல்லிச் சிரிப்பாள்.

பெண் கேட்டு வந்தவர்களை எல்லாம் வாயாலேயே விரட்டிவிட்டாள். ஆறுமுகத்திடம் அந்த வித்தை பலிக்கவில்லை. அவன் செம்மநத்தத்துப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டுகிறவன், தூரத்துச் சொந்தம். தாய் மாரியம்மாளோடு வந்திருந்தான். "டிராக்டர் ஓட்டறீங்களா, டிராக்டர் உங்கள ஓட்டுதா? சட்டையெல்லாம் சேறா இருக்குதே" என்று காவேரி சுருக்கென்று கேட்டாள். கோபித்துக்கொண்டு போவான் என்று பார்த்தால், அவன் சட்டையைக் குனிந்து பார்த்துவிட்டுச் சத்தம் போட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடித்துப் போயிற்று. பிடிக்காமல் இருந்திருந்தால் தொல்லையே இல்லை.

பங்குனியில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். வெற்றிலை மாற்றின மறுநாளே காவேரிக்குச் சோறு இறங்கவில்லை. எதற்கு என்று கேளுங்கள். அவர்கள் சனத்தில் கல்யாணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து, மணப்பெண்ணை மறைப்புக்குள் உட்கார வைத்து, எண்ணெய் தேய்த்துத் தங்கள் கையாலேயே தண்ணீர் ஊற்றுவார்கள். கொண்டுவந்த சேலையையும் அவர்களே கட்டிவிடுவார்கள். காவேரி எத்தனையோ கல்யாணத்தில் அந்த மறைப்புக்குள் நின்று செம்பு பிடித்தவள்தான். பெண்களின் கண் எங்கெல்லாம் போகும், போன கண் ராத்திரிப் பந்தியில் என்னவெல்லாம் பேசும் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். தான் அங்கே உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்ப்பாள். மாப்பிள்ளையின் அக்கா, நங்கையா முறை ஆகிற கலாவதி ரவிக்கையை அவிழ்ப்பாள், அப்புறம் எல்லாக் கையும் அப்படியே நிற்கும். இதையே திரும்பத் திரும்ப நினைத்துப் பெண் இளைத்துத் துரும்பாகிவிட்டாள்.

தூக்கம் வரவில்லை என்று எஸ்டேட் டிஸ்பென்சரிக்குப் போனாள். அங்கே இருந்த நர்சம்மா மாத்திரை கொடுக்காமல் குடைந்து குடைந்து கேட்டு, விஷயத்தை வாங்கிவிட்டாள்.

"இதுக்கா இப்படிச் சாகறே? கீழ சேலத்துல மிஷன் ஆஸ்பத்திரிக்கு மாசம் ஒருக்கா மெட்ராஸ்லருந்து ஒரு டாக்டரம்மா வராங்க. உள்ளுக்குள்ள ஒரு பை வெச்சுத் தச்சுட்டா ரெண்டு பக்கமும் ஒண்ணாட்டம் ஆயிரும். ஏழைபாழைங்களுக்குத் தருமத்துக்குத்தான் பண்றாங்க. போய்ப் பாரு."

இதுவரை அவளுக்கு இருந்தது ஒரு பயம். இப்போது அது இரட்டைப் பிள்ளை பெற்றது. கூலிக்காரர்கள் குடியிருக்கிற லைனில் கடைசி வீட்டுக்காரி ஒருத்தி முன்பு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு என்று நடந்து போனாள். திரும்பி வரும்போது நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மயக்க மருந்து கொடுத்தால் எழுந்திருக்க மாட்டோம் என்பது அன்றிலிருந்து அந்த லைனில் வேத வாக்கு. ஆபரேஷன் பண்ணினால் செத்துப் போவேன், பண்ணாவிட்டால் மானம் போகும். இரண்டில் எது தேவலை என்று காப்பிச் செடியைக் கேட்டால் அது சொல்லுமா?

தாயும் மகளும் சேலத்துக்குப் பஸ் ஏறினார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப மாதம்மாள் வாந்தி எடுத்தாள். காவேரிக்கு வாந்திகூட வரவில்லை, அவ்வளவு பயம்.

ஆஸ்பத்திரியில் அவர்களுக்கு முன்னால் காத்திருந்தவள் ஒரு பள்ளிக்கூட டீச்சர். ஸ்டவ் வெடித்து நெஞ்சு வெந்து போனவளாம். போன வருஷம் இதே ஆபரேஷன் பண்ணிக்கொண்டு இப்போது காட்ட வந்திருந்தாள். "வலி இருந்துச்சு, இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா எனக்கு நல்லதாப் போச்சும்மா. இப்பத்தான் கண்ணாடி முன்னால நின்னு தலை சீவறேன்" என்றாள். அந்தச் சொல் காவேரிக்குப் பெரிய தெம்பாக இருந்தது. கதவு திறந்து பெயரைக் கூப்பிட்டதும் தெம்பு போன இடம் தெரியவில்லை.

டாக்டரம்மா நரைத்த தலைக்காரி. தட்டிக்கு உள்ளே போய் ரவிக்கையைக் கழற்றச் சொன்னார். காவேரியின் விரல் கொக்கியைப் பிடிக்க மாட்டேன் என்றது. பழம் பறிப்பில் பெயர் எடுத்த விரலுக்கு மூன்று கொக்கியை அவிழ்க்க முடியவில்லை. டாக்டரம்மா அவசரப்படுத்தவில்லை. தன் கையைத் தேய்த்துச் சூடு பண்ணிக்கொண்டு, அப்புறம்தான் தொட்டார். பார்த்து முடித்ததும் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பையை எடுத்து அவள் கையில் வைத்தார். நுங்கைப் பிளாஸ்டிக்கில் கட்டிக் கொடுத்த மாதிரி வழவழவென்று இருந்தது.

"இதுதான் உள்ளே போகும். முழுசாக் கேளு, அப்புறம் முடிவு பண்ணு. துணி போட்டுட்டு நின்னா ரெண்டும் ஒரே மாதிரி தெரியும். தொட்டா வித்தியாசம் தெரியும். உன் தோல் இறுகிக் கிடக்கு, அதனால ஒரு ஆபரேஷன்ல முடியாம இன்னொண்ணும் தேவைப்படலாம். சில பேருக்குப் பையைச் சுத்திக் கெட்டியாகி வலிக்கும். சில பேருக்குச் சீழ் பிடிச்சு எடுக்கும்படி ஆகும். நல்லா இருந்தாலும் ஆயுசுக்கும் இருக்கும்னு நான் சொல்ல மாட்டேன். வருஷம் கழிச்சு மாத்த வேண்டி வரலாம்."

"மயக்க மருந்து குடுத்தா எந்திரிச்சுருவேனுங்களா?" என்று காவேரி கேட்டாள்.

"எழுந்திருப்பே. ஆனா எந்த ஆபரேஷன்லயும் ஆபத்தே இல்லைன்னு சொன்னா அது பொய்."

மாதம்மாள் தட்டிக்கு வெளியிலிருந்து, "பாலு வருமுங்களா?" என்றாள்.

"இடது பக்கம் பால் வராதும்மா. பண்ணினாலும் வராது, பண்ணாட்டாலும் வராது. வலது பக்கம் நல்லா இருக்கு. ஒரு குழந்தைக்கு அது போதும்."

"பண்ணிக்கலேன்னா உசுருக்கு ஏதாச்சும் ஆயிருமுங்களா?"

"ஒண்ணும் ஆகாது. இது வியாதியே இல்லை."

காவேரிக்கு இது புதுசாக இருந்தது. இத்தனை வருஷம் செத்துச் செத்துப் பிழைத்தது வியாதியே இல்லாத ஒன்றுக்கா? டாக்டரம்மா மேலே கேட்டுக்கொண்டே போனார். "என்ன வேலை பண்றே? பண்ணினா ரெண்டு மாசம் கையைத் தூக்கி வேலை செய்யக் கூடாது, சுமை எடுக்கக் கூடாது." காப்பிக் கிளையை வளைக்கிறவள் என்று சொன்னால் மாட்டேன் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்து, "ஊட்டு வேலைதாங்க" என்றாள். டாக்டரிடமும் வக்கீலிடமும் பொய் சொல்லாதே என்பார்கள். பயந்தவளுக்கு அதெல்லாம் நினைவுக்கு வருமா?

"கட்டிக்கப் போறவருக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"ஆபரேஷன் பண்ணினாலும் தழும்பு இருக்கும்மா. ஊருக்கு மறைக்கலாம், புருஷனுக்கு மறைக்க முடியாது."

காவேரி கையிலிருந்த பையைப் பார்த்தாள். மறைக்கத்தான் இத்தனை பாடு. இதுவும் மறைக்காதாம். ஆனாலும் அந்த மறைப்புக்குள் மங்கல் வெளிச்சத்தில் ஈரச் சேலையோடு உட்கார்ந்தால், தூக்கலாகத் தெரிந்தால் போதும், தப்பித்துவிடலாம். அதற்குப் பிறகு வருவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். "பண்ணிக்கறேனுங்க" என்றாள்.

"அடுத்த மாசம் நான் வர்ற அன்னைக்கு வந்து படுத்துக்க. கட்டில் வெச்சிருக்கச் சொல்றேன். அதுவரைக்கும் யோசி. வேணாம்னு தோணினா வேணாம்னு சொல்லு, நான் கோவிச்சுக்க மாட்டேன்." சொல்லிவிட்டு டாக்டரம்மா மாதம்மாளை உள்ளே கூப்பிட்டார். தழும்பைக் காட்டி, "கைக்குழந்தையில இங்க சீழ் கட்டுச்சா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. பொறந்து பத்துப் பதினஞ்சு நாள்ல சிவந்து கட்டியாட்டம் வந்துச்சு. வைத்தியரு கீறி உட்டாரு."

"அதுக்கு முன்னால குழந்தையைக் குளிப்பாட்டறப்போ மார்ல பால் பிழிஞ்சீங்களா?"

மாதம்மாள் தரையைப் பார்த்தாள்.

"பிறந்த குழந்தை மார்ல கொஞ்சம் பால் வரும். விட்டா தானா வத்திடும். அழுத்திப் பிழிஞ்சா புண்ணாகிச் சீழ் பிடிக்கும். பின்னால வளர வேண்டிய குருத்து அதுலயே அழிஞ்சு போகும்." டாக்டரம்மா திட்டிச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். திட்டியிருந்தால் மாதம்மாளுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

திரும்பப் பஸ் மலை ஏறியது. ஏற்காட்டில் இறங்கினதும்தான் காவேரி கேட்டாள்.

"சாமி குத்தம்னு சொன்னியே. அந்தச் சாமி நீதானா?"

"எல்லாரும் செய்யறதுதான சாமி. பிழிஞ்சு உட்டாத்தான் பொம்பளைப் புள்ளைக்கு மார் நல்லா வருமுன்னு சொன்னாங்க. உனக்கு நல்லா வரோணும்னுதான் செஞ்சேன்." மாதம்மாள் ரோட்டிலேயே நின்று அழுதாள். காவேரி நிற்காமல் நடந்தாள். அவளுக்கு ஆத்திரம் வந்தது, தாயின் மேல், ஊரின் மேல், சேர்வராயன் மேல்கூட. அன்றிலிருந்து ஒரே அடுப்பில் சோறு, ஒரே கூரைக்கு அடியில் தூக்கம், ஆனால் பேச்சு வார்த்தை இல்லை. ஆபரேஷன் நாள் மட்டும் நெருங்கிக்கொண்டே வந்தது.

இதற்கு நடுவில், தாய் வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்திருந்த கலாவதிக்குப் பெண் குழந்தை பிறந்தது. சம்பந்தி வீடாகிவிட்டது, பிள்ளை பார்க்கப் போகாமல் இருக்க முடியுமா? சர்க்கரையும் விளக்கெண்ணெயும் துணியும் எடுத்துக்கொண்டு பேசாத தாயும் பேசாத மகளும் செம்மநத்தத்துக்குப் போனார்கள். ஆறுமுகம் வேலைக்குப் போயிருந்தான். வீட்டில் பெண்கள் மட்டும்தான்.

போன நேரம் குழந்தையைக் குளிப்பாட்டுகிற நேரம். மாரியம்மாள் புழக்கடையில் பலகை போட்டு உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டி, அதன்மேல் குழந்தையைப் போட்டிருந்தாள். எண்ணெய் தேய்த்தாள், தலையை அமுக்கிவிட்டாள், மூக்கை இழுத்துவிட்டாள். வாய் ஓயாமல் பேசிக்கொண்டே செய்தாள். "வா கண்ணு, வந்து பாரு, உன்ற புருசன் மூக்கேதான்" என்று காவேரியைக் கூப்பிட்டாள். காவேரி பக்கத்தில் போய்க் குந்தினாள். அப்போது மாரியம்மாளின் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் குழந்தையின் மார்பைப் பிடித்து அமுக்கின. ஒரு சொட்டு வெள்ளையாக வந்தது. குழந்தை காலை விறைத்துக்கொண்டு வீறிட்டது.

காவேரி குனிந்து பார்த்தாள். குழந்தையின் இடது பக்கம் நெல்லிக்காய் அளவுக்கு வீங்கிச் சிவந்திருந்தது. திரும்பித் தாயைப் பார்த்தாள். மாதம்மாளும் பார்த்துவிட்டாள். பார்த்தவள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். ஒரு வார்த்தை சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அப்படிக் கேட்டால் மகள் கல்யாணம் போச்சு. தாயின் பயம் காவேரிக்குப் புரிந்தது. அவள் பயமும் அதேதான்.

"அத்தை, அப்படிப் பிழியாதீங்க" என்றாள்.

"பிழியாட்டி எப்படி கண்ணு? பாலு கட்டிக்கும். பின்னால மார் சரியா வராது. உங்கம்மாளும் உனக்குப் பிழிஞ்சுதான் உட்டிருப்பா, கேட்டுப் பாரு." மாரியம்மாள் சிரித்துக்கொண்டே இடது பக்கத்துக்கு விரலைக் கொண்டு போனாள்.

காவேரி எழுந்து நின்றாள். கொக்கியை அவிழ்த்தாள், ஒன்று அறுந்தே போயிற்று. உள்பாடியையும் ஒரு இழுப்பில் விலக்கினாள். பஞ்சுப் பை கீழே குளித்த தண்ணீரில் விழுந்து ஊற ஆரம்பித்தது.

"எனக்கும் பிழிஞ்சாங்க அத்தை. பாருங்க."

கலாவதி ஓடி வந்து எண்ணெய் வழுக்க வழுக்கக் குழந்தையைத் தூக்கி மாரோடு அணைத்துக்கொண்டாள். மாரியம்மாளின் கை இருந்த இடத்திலேயே நின்றது. காவேரி எதை நினைத்து இத்தனை நாள் நடுங்கினாளோ, அதே கண்கள், அதே இடம். மறைப்புக்கூட இல்லை, பட்டப் பகல். அவள் ரவிக்கையை இழுத்துப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

தைரியசாலி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவளுக்கு வழியெல்லாம் பல் கிட்டிப்போயிற்று. எஸ்டேட்டுப் பாதையில் எதிரே வந்தவர்கள் எல்லாம் தன் இடது பக்கத்தையே பார்க்கிற மாதிரி இருந்தது. பஸ்ஸில் ஏறாமல் நடந்தே வீடு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு படுத்தாள். மாதம்மாள் பொழுது சாய்ந்துதான் வந்தாள். அங்கே என்ன பேசினார்கள் என்று காவேரி கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து ஒரு தகவலும் இல்லை. மலையில் பேச்சு பஸ்ஸை விட வேகமாகப் போகும். பறிக்கப் போன இடத்தில் இரண்டு பேர் சேர்ந்து பேசினாலே தன்னைத்தான் என்று காவேரிக்குத் தோன்றியது. ஆறுமுகத்தின் காதில் விழுந்திருக்கும், அந்தச் சிரிப்பு இனிமேல் தனக்கு இல்லை என்று நினைத்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரி நாளுக்கு முந்தின சாயங்காலம் மாதம்மாள்தான் மௌனத்தைக் கலைத்தாள்.

"போய்ப் படுத்துக்க சாமி. இந்த எடம் இல்லாட்டியும் வேறெங்கியாச்சும் ஒரு எடம் வரும். அப்பவாச்சும் நீ பயமில்லாம இருக்கோணும்."

காவேரி மாற்றுச் சேலையைத் துணிப்பையில் வைத்தாள். உயிரோடு திரும்பி வருவோமா என்று வீட்டை ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள்.

காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பி வாசலைத் தாண்டும்போது ஒரு எஸ்டேட் ஜீப் மேலேறி வந்து நின்றது. ஓட்டி வந்தவன் ஆறுமுகம். மாரியம்மாள் முன்னால் இறங்கினாள். வெற்றிலை மாற்றினதை முறித்துவிட்டுப் போக வந்திருக்கிறார்கள் என்று காவேரி நினைத்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

மாரியம்மாளின் முகம் பேய் அடித்த மாதிரி இருந்தது. "எந்த ஆசுபத்திரி கண்ணு? அன்னிக்கு நீ போனதுக்கப்பறம் உங்கம்மா எல்லாஞ் சொல்லுச்சு. அன்னியோட நான் கையே வெக்கல. ஆனா வீக்கம் வடியல. பத்துப் போட்டுப் பாத்தோம், ராத்திரிலருந்து காச்சலு அனலாக் கொதிக்குது. உனக்கு அந்த டாக்டரம்மாளைத் தெரியுமாமே, வா கண்ணு." பின்னால் கலாவதி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழந்தை அழவில்லை, முனகிக்கொண்டிருந்தது. காவேரி துணிப்பையோடு ஏறிக்கொண்டாள். தாயும் ஏறினாள்.

இறக்கத்தில் ஆறுமுகம் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினான். பாதி வளைவு இறங்கினதும் கண்ணாடியில் அவளைப் பார்த்து, "வயித்தப் பெரட்டுதா? முன்னாடி வந்து உக்காந்துக்க" என்றான். அவன் கண் அவள் முகத்தில்தான் இருந்தது, வேறெங்கும் போகவில்லை. அவள் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

டாக்டரம்மா மற்றவர்களை நிறுத்திவிட்டுக் குழந்தையை முதலில் பார்த்தார். உள்ளே ரொம்ப நேரம் ஆயிற்று. கதவுக்கு இந்தப் பக்கம் மாரியம்மாள் தன் இரண்டு கையையும் மடியில் மலர்த்தி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மாதம்மாள் எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சரியான நேரத்துல கொண்டுவந்தீங்க" என்று டாக்டரம்மா வெளியே வந்தார். "சீழ் இப்பத்தான் கூடுது. ஊசியாலேயே உறிஞ்சிடறேன், கத்தி வைக்க வேண்டாம். சில நாள் இங்கேயே இருந்து மருந்து ஏத்தணும். உயிருக்குப் பயம் இல்லை."

"மார் வருமுங்களா?" கலாவதிதான் கேட்டாள்.

"இப்பச் சொல்ல முடியாதும்மா. அவ வயசுக்கு வரும்போதுதான் தெரியும்."

டாக்டரம்மா உள்ளே போனதும் கலாவதி சுவரோரம் சரிந்து உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே காவேரியின் கையைப் பிடித்து, "ஏங் கண்ணு, எம்புள்ளைக்கும் உன்னாட்டமே ஆயிருமா?" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். எல்லோரும் காவேரியைப் பார்த்தார்கள்.

காவேரிக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அழுகிறவளின் முகத்தைப் பார்த்ததும் வார்த்தை தானாக வந்துவிட்டது.

"ஆனாத்தான் என்னங்க நங்கையா? நான் இல்லையா? நான் நல்லாத்தான இருக்கறேன்?"

கலாவதி அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். பொய்யா, ஆறுதலுக்குச் சொல்கிறாளா என்று தேடின மாதிரி இருந்தது. தேடிவிட்டு மூக்கைச் சிந்தினாள், தலையை ஆட்டினாள், அழுகை மெல்ல அடங்கியது. இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு வார்த்தையைக் காவேரி தனக்கே சொல்லிக்கொண்டது கிடையாது.

அந்த நேரம் பார்த்து ஒரு நர்ஸ் வந்து, "காவேரி யாரும்மா? ஆபரேஷனுக்குக் கட்டில் ரெடியா இருக்கு. வந்து படுத்துக்க" என்றாள்.

மாரியம்மாள் நிமிர்ந்து, "போறதுன்னாப் போ கண்ணு. நான் கூட இருந்து பாத்துக்கறேன்" என்றாள். அவள் மனசாரத்தான் சொன்னாள். காவேரி துணிப்பையைக் கையில் எடுத்தாள். பயம் இன்னும் இருந்தது. நாளைக்கு ஊர் பேசும், கல்யாணத்தில் மறைப்புக்குள் கண்கள் பார்க்கும், எல்லாம் அப்படியேதான் இருந்தன. கலாவதியும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லாத்தான் இருக்கிறேன் என்று சொன்ன வாயின் ஈரம் இன்னும் காயவில்லை. இப்போது போய்ப் படுத்தால் அந்தத் தாய் எதை நம்பி அந்தக் குழந்தையை வளர்ப்பாள்?

"எனக்கு வேண்டாமுங்க" என்றாள் காவேரி. "இந்தப் புள்ளையச் சில நாள் வெச்சிருக்கோணுமாம். என்ற கட்டிலை அதுக்குக் குடுத்துருங்க."